வலிக்காத புண்

கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய பென்டால் என்ற மருத்துவர், தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தொகுத்து எழுதினார். கால் நூற்றாண்டு கழித்து, 1933-இல், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி ஐ. எம். ஓர் எழுதிய கட்டுரை லான்செட்டில் வந்தது. இந்த நோய் யாருக்கு வருகிறது, எதனால் வருகிறது என்பதற்கான தடயங்கள் நம் மண்ணிலிருந்தே அவ்வளவு காலத்துக்கு முன்பு உலகுக்குப் போயின.

இன்றைய நிலை என்ன? 2020-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கீட்டின்படி, உதட்டிலும் வாய்க்குழியிலும் புதிதாகப் புற்று கண்டவர்கள் சுமார் 3,78,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 1,36,000 பேர் இந்தியர்கள்; மூன்றில் ஒருவருக்கும் மேல். அதே ஆண்டில் இந்தியாவில் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 75,000 பேர். கணையத்திலோ ஈரலிலோ வரும் புற்று தாமதமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அந்த உறுப்புகளை வெளியிலிருந்து பார்க்க முடியாது. வாயைப் பார்க்க ஒரு டார்ச் விளக்கு போதும். இருந்தும் நம் நாட்டு மருத்துவமனைகளுக்கு வரும் வாய்ப்புற்று நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் மூன்றாம் நிலையிலோ நான்காம் நிலையிலோதான் வந்து சேர்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் நோய் ஏன் காலங்கடந்து கண்டுபிடிக்கப்படுகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

என்னைக் கேட்டால், முதல் காரணம் வலியைப் பற்றிய நம் நம்பிக்கை. வாய்ப்புண் வந்தால் உடம்பில் சூடு ஏறிவிட்டது என்போம். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் சாப்பிடுவோம். மருந்துக் கடையில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை வாங்குவோம். ஒரு வாரம், பத்து நாளில் புண் ஆறிவிடும். சாதாரண வாய்ப்புண் எப்படியும் அந்தக் கணக்கில்தான் ஆறும். உதட்டின் உட்புறத்திலோ நாக்கின் அடியிலோ சின்னதாக வட்டமாக வரும். நடுவில் மஞ்சள் படிந்திருக்கும், சுற்றிலும் சிவந்த வளையம் இருக்கும். ஒரு வாய் ரசம் பட்டாலும் உயிர் போகும். வலி கடுமை, ஆபத்து இல்லை.

புற்று அப்படித் தொடங்குவதில்லை. ஆரம்பக்கட்டப் புற்றுப்புண் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. கிருமித்தொற்று சேரும்போதோ நரம்பை அரிக்கும்போதோதான் வலி வருகிறது. அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். “வலியே இல்லை டாக்டர், அதான் விட்டுட்டேன்” என்ற பேச்சைக் கேட்காத புற்றுநோய்ப் புறநோயாளிப் பிரிவு தமிழ்நாட்டில் இருக்க முடியாது. சொல்பவர் மீது குறை இல்லை. வலித்தால் நோய், வலிக்காவிட்டால் நலம் என்றுதான் நமக்கெல்லாம் பழகியிருக்கிறது. வாய்ப்புற்றில் மட்டும் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். நாட்கணக்கு, நிறம், தொட்டால் தெரியும் கடினம், புண் இருக்கும் இடம் ஆகிய நான்கும்தான் இதில் வலியைவிட முன்னதாகப் பேசுகின்றன.

நாட்கணக்கு எல்லோராலும் பார்க்க முடிந்தது. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்ட வேண்டும். மூன்று வாரம் தாண்டினால் வேறு காரணம் உறுதியாகும்வரை அதைப் புற்று என்று சந்தேகித்துத்தான் ஆராய வேண்டும். உடைந்த பல் உரசியோ பொருந்தாத பல்செட் அழுத்தியோ வரும் புண் இந்த இடத்தில்தான் குழப்பும். பல்லின் கூர்மையை ராவி எடுத்துவிட்டு, பல்செட்டைக் கழற்றி வைக்கச் சொல்லி, இரண்டு வாரம் பார்ப்பதுதான் முறை. அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் நம் வழக்கம் சறுக்குகிறது. “ஆறலைன்னா வாங்க” என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினால் நோயாளி வருவதில்லை. களிம்பு மாறும், மாத்திரை மாறும், மருத்துவரும் மாறுவார். ஒவ்வொரு புதிய மருத்துவரிடமும் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கும். திரும்பி வர வேண்டிய தேதியை சீட்டில் எழுதிக் கொடுத்து, ஆறினாலும் வந்து காட்ட வேண்டும் என்று சொல்வது சின்ன வேலைதான். உயிரைக் காப்பது பல நேரம் அந்தச் சின்ன வேலை.

அடுத்தது நிறம். கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ ஈறிலோ வெள்ளைத் திட்டு தெரிகிறது என்றால், முதலில் அதைத் துணியால் துடைத்துப் பார்ப்பார்கள். தயிர் ஆடைபோல வழித்துக்கொண்டு வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். துடைத்தும் போகாமல், வேறெந்த நோயின் பெயரையும் அதற்குச் சூட்ட முடியாமல் இருந்தால் அது லூக்கோபிளேக்கியா எனும் வெண்படலம். இது புற்று அல்ல. புற்றாக மாறக்கூடிய நிலை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுகள் போகப்போக இவற்றில் பத்தில் ஒன்று அளவுக்குப் புற்றாகிறது. மேற்பரப்பு சீராகவும் மெல்லியதாகவும் இருக்கும் படலத்தில் ஆபத்து குறைவு. மருக்கள்போல மேடுபள்ளமாக இருப்பதிலும், வெள்ளைக்கு நடுவே சிவப்புப் புள்ளிகள் தூவியதுபோல இருப்பதிலும் ஆபத்து பல மடங்கு அதிகம்.

வெள்ளையைவிடச் சிவப்புக்குத்தான் அஞ்ச வேண்டும். எரித்ரோபிளேக்கியா எனப்படும் செம்படலம் வெல்வெட் துணிபோல மென்மையாக, சிவப்பாக, தெளிவான எல்லையோடு இருக்கும். வாயே சிவப்புதானே என்று நோயாளி கவனிப்பதில்லை. அவசரத்தில் மருத்துவர் கண்ணும் தாண்டிப் போய்விடும். ஷேஃபர், வால்ட்ரன் என்ற இரு அமெரிக்க நோய்க்கூற்று வல்லுநர்கள் இத்தகைய 65 படலங்களின் திசுவை ஆராய்ந்து 1975-இல் வெளியிட்டார்கள். பாதி ஏற்கெனவே ஊடுருவிய புற்றாக இருந்தது. இன்னொரு 40 சதவீதம், புற்றுக்கு ஒரு படி முன்னால் நின்றது. வெண்படலம் எப்போதாவது புற்றாகலாம் என்றால், செம்படலம் பார்த்த அன்றே புற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளையும் சிவப்பும் கலந்த திட்டில் எங்கிருந்து சதை எடுப்பது என்று கேட்டால், சிவந்த பகுதியிலிருந்து என்பதுதான் பதில்.

ஆனால் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தினால் பாதிப் பரிசோதனைதான். முழுப் பரிசோதனை எப்படி நடக்க வேண்டும் என்று கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். பல்செட் இருந்தால் முதலில் அதைக் கழற்றச் சொல்ல வேண்டும். உதட்டை வெளியே மடித்துப் பார்த்த பிறகு, இரண்டு ஐஸ்கிரீம் குச்சியால் கன்னத்தை விலக்கி, மேலிருந்து கீழாகக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் வரை விளக்கடிக்க வேண்டும். நாக்கை நீட்டச் சொன்னால் மட்டும் போதாது. நுனியைத் துணியால் பற்றி ஒரு பக்கமாக இழுத்தால்தான் நாக்கின் பின்பக்க ஓரம் தெரியும். நாக்குப் புற்று அதிகம் தொடங்குவது அங்கே. பிறகு நாக்கை அண்ணத்தில் தொட்டுக்கொள்ளச் சொல்லி அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். கடைசியாகக் கையுறை போட்ட விரல். ஒரு விரல் வாய்க்குள்ளும் மறுகை விரல்கள் தாடைக்கு வெளியிலுமாக, நடுவில் இருக்கும் சதையை உருட்டிப் பார்க்க வேண்டும். சாதாரணச் சளிச்சவ்வு நம் உதட்டைப்போலக் குழையும். புற்று தொடங்கிய இடம் மூக்கின் நுனியைப்போலவோ அதைவிடக் கெட்டியாகவோ விரலில் தட்டும். புண்ணின் அடி கெட்டியாக இருப்பதும், விளிம்பு தடித்துச் சுருண்டு நிற்பதும், அடியில் உள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டு நகர மறுப்பதும் நிறத்தைவிட நம்பகமான அடையாளங்கள். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள் முடியும்.

இடத்தைப் பொறுத்தவரை நம் நாட்டு நோய்க்கென்று ஒரு போக்கு உண்டு. மேலை நாடுகளில் நாக்கின் ஓரமும் வாயின் அடித்தளமும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. இங்கே கன்னத்தின் உட்புறமும் கீழ் ஈறும் சேரும் பள்ளம்தான் முதலிடம். காரணம் வெளிப்படை: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலையை மென்று அடக்கிவைக்கும் இடம் அதுதான். பொட்டலப் புகையிலையைக் கீழுதட்டுக்குள் அடக்குபவருக்கு அங்கே. அடக்கிக்கொண்டே தூங்கிவிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஆகவே எந்தப் பக்கம் ஒதுக்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தை இரண்டாம் முறை பார்ப்பது நல்லது. பெண்களிடம் இதைக் கேட்கவே மறந்துவிடுகிறோம். நாற்று நடவிலும் தேயிலைத் தோட்டத்திலும் பசியையும் அலுப்பையும் வெற்றிலையோடு மென்று தள்ளிய பெண்கள் எத்தனையோ பேர்.

ஈறில் தொடங்கும் புற்று பல்வலியாகவும் பல் ஆட்டமாகவும் வேடம் போடும். ஈறு நோய் பெரிதாக இல்லாதவருக்கு ஒரே ஒரு பல் மட்டும் ஆட ஆரம்பித்தால் யோசிக்க வேண்டும். பல்லைப் பிடுங்கிய குழி மூன்று வாரமாகியும் மூடாமல், அதிலிருந்து சதை வளர்ந்து வந்தால் கட்டாயம் யோசிக்க வேண்டும். பல் மருத்துவர்கள் இந்த நோயின் வாசலில் நிற்பவர்கள். பல்லைப் பார்க்கும்போது பல்லைச் சுற்றியுள்ள சதையையும் அவர்கள் பார்த்தால், நம் ஊரில் வேறெந்தத் திட்டமும் செய்யாத அளவு நன்மை விளையும். இன்னும் சில அறிகுறிகள் வாய்க்கு வெளியே தெரியும். காதில் ஒரு கோளாறும் இல்லாமல் ஒரு பக்கக் காது மட்டும் குத்துவது நாக்குப் புற்றிலிருந்து நரம்பு வழி வந்த வலியாக இருக்கலாம். கீழுதட்டில் ஒரு பக்கம் மரத்துப்போவது தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டதன் தடயம். இவை ஆரம்ப அறிகுறிகள் அல்ல. ஆனாலும் பலர் முதன்முதலில் மருத்துவரிடம் போவது இவற்றுக்காகத்தான்.

இளைஞர்களைப் பொறுத்தவரை என் கவலையெல்லாம் பாக்கைப் பற்றியது. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயில் ஒரு விசித்திரமான இறுக்கத்தைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டே பம்பாயிலிருந்து ஜோஷி அதற்கு ஒரு பெயர் தந்தார். இன்று அதை ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்கிறோம். பாக்கிலுள்ள வேதிப்பொருட்கள் சளிச்சவ்வுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்குகின்றன. முதலில் காரம் பட்டால் எரியும். நேற்றுவரை சாப்பிட்ட ஊறுகாயை இன்று நாக்கில் வைக்க முடியாது. பிறகு கன்னத்தின் உட்புறம் ரத்தச்சிவப்பு இழந்து பளிங்குபோல வெளிறும். விரலால் தடவினால் கயிறு கயிறாகத் தட்டுப்படும். கன்னத்தை உப்ப வைக்க முடியாது, விசில் அடிக்க வராது, வாய் மெல்ல மெல்லச் சிறுத்துவிடும். தன் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிகிறதா என்பது வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை. இரண்டுதான் நுழைகிறது என்றால் காட்ட வேண்டும். இந்த நார்த்திசு மறைவதில்லை. எத்தனையோ பேருக்கு அதன் மீதே புற்று வருகிறது. அப்போது திறக்காத அந்த வாய்க்குள் எதையும் பார்க்கவும் முடிவதில்லை.

புகையிலை கலக்காத வெறும் பாக்கு தீங்கற்றது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. பந்தியிலும் தாம்பூலத் தட்டிலும் இருக்கும் பொருளைச் சந்தேகிக்க மனம் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் என்று 2004-இல் திட்டவட்டமாக வகைப்படுத்தியது. தமிழ்நாட்டில் குட்காவும் புகையிலை கலந்த பான்மசாலாவும் 2013-இல் தடை செய்யப்பட்டன. வாசனைப் பாக்குப் பொட்டலங்கள் பள்ளிக்கூடத்து வாசல் கடைகளில் சரமாகத் தொங்குவதற்கு அந்தத் தடையில் பதில் இல்லை.

இத்தனை பழக்கங்களைப் பற்றிச் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும் நாக்கின் ஓரத்தில் புற்று வருகிறது; நாற்பது வயதுகூட ஆகாதவர்களுக்கும் வருகிறது. “வெத்தலை, பீடி, சிகரெட் உண்டா?” என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தவுடன் மருத்துவரின் சந்தேகம் அணைந்துவிடுவது இவர்களுக்கு நேரும் பெரிய அநியாயம். பழக்கம் சந்தேகத்தைக் கூட்டலாம். பழக்கம் இல்லை என்பதற்காக மூன்று வாரப் புண்ணைத் தள்ளிவிட முடியாது.

மறுபக்கத்தில், வீண் பயமும் உண்டு. கண்ணாடியில் நாக்கை நீட்டி, அடிநாக்கில் வரிசையாகத் தெரியும் மொட்டுகளைக் கண்டு நடுங்குபவர்கள் பலர். அவை எல்லோருக்கும் உள்ள சுவைமொட்டுகளின் மேடுகள். மேல் கடைவாய்க்கு எதிரே கன்னத்தில் இருக்கும் சின்னக் குமிழ் உமிழ்நீர்க் குழாயின் வாய். அண்ணத்தின் நடுவே இயல்பாகவே வளர்ந்த எலும்பு மேடு எத்தனையோ பேருக்கு உண்டு. இரு கன்னத்திலும் வலைபோல வெள்ளைக் கோடுகள் ஓடினால் பெரும்பாலும் அது லைக்கன் பிளானஸ். அதைக் கண்காணித்து வர வேண்டும், பதற வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருப்பது பெரும்பாலும் இயல்பானது. ஒரு பக்கம் மட்டும் இருப்பதைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

இப்படி வாயைப் பார்ப்பதால் உயிர் பிழைக்கிறதா? இதற்கு உலகிலேயே வலுவான பதில் பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் 35 வயதைத் தாண்டிய சுமார் 1,92,000 பேரை வைத்து 1996-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஏறத்தாழப் பாதிப் பஞ்சாயத்துகளில் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். 2005-இல் சங்கரநாராயணன் குழுவினர் லான்செட்டில் வெளியிட்ட முடிவுகளின்படி, எல்லோரையும் சேர்த்துப் பார்க்கையில் வாய்ப்புற்றால் இறப்பு குறைந்தது உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. 15 ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகும் அவர்களிடம் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைவாகவே இருந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் இது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், எல்லோர் வாயையும் ஒரு முறை பார்ப்பதைவிட, பழக்கம் உள்ளவர்களின் வாயைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில்தான் நம் குறைந்த ஆட்பலத்தைச் செலவிட வேண்டும் என்பது.

முப்பது முதல் அறுபத்தைந்து வயது வரை எல்லோருக்கும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வாய்ப் பரிசோதனை என்று 2016-இல் மத்திய அரசு வழிகாட்டியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், என்றைக்காவது புற்றுக்காக வாயைக் காட்டியதாகச் சொன்ன பெண்கள் 0.9 சதவீதம், ஆண்கள் 1.2 சதவீதம். நூற்றில் ஒருவர்.

பார்ப்பது நடந்தாலும் அதற்கடுத்த படியில் பாதிப் பேர் நழுவுகிறார்கள். 1980-களில் இலங்கையில் வர்ணகுலசூரிய குழுவினர் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு 28,000-க்கும் மேற்பட்ட கிராமத்தவரின் வாயைப் பார்த்தார்கள். சந்தேகத்துக்குரியதைக் கண்டுபிடிப்பதில் அந்தப் பணியாளர்கள் திறமை காட்டினார்கள். ஆனால் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லப்பட்டவர்களில் போனவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். நாற்பது ஆண்டுகள் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஒரு நாள் கூலி, பஸ் செலவு, கூட வர ஆள், பெரிய ஆஸ்பத்திரியில் எந்த அறை என்று தெரியாத தயக்கம், எல்லாவற்றுக்கும் மேலே “வலிக்கவே இல்லையே” என்ற ஆறுதல். கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் போன் செய்து, போனீர்களா என்று கேட்பதும், அங்கே பெயர் சொல்லி எதிர்கொள்ள ஒருவர் இருப்பதும் டார்ச் விளக்கைவிட முக்கியமான உபகரணங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு வரும் தடை பயாப்ஸி பற்றிய பயம். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். புண்ணின் ஓரத்திலிருந்து அரிசியளவு சதையை மரத்துப்போகும் ஊசி போட்டு எடுப்பதால் நோய் பரவி உயிருக்கு ஆபத்து வருவதில்லை. அதைச் செய்யாமல் தள்ளிப்போடும் மாதங்களில்தான் நோய் வளர்கிறது. நீல நிறச் சாயம் தடவிப் பார்ப்பதும், ஒளிவீசும் கருவிகளும், தூரிகையால் செல்களைச் சுரண்டுவதும் துணைக்கு உதவலாம். அவற்றில் எதுவும் பயாப்ஸிக்கு மாற்று அல்ல.

ஆரம்பக்கட்டம் என்றால் என்ன என்பதும் நாம் நினைப்பதைவிடக் கண்டிப்பானது. முதல் நிலைப் புற்று இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாதது, ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகாதது. அந்த அளவில்கூடக் கழுத்தில் விரலுக்குத் தட்டுப்படாத நெறிக்கட்டிகளில் நோய் ஒளிந்திருக்கலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டிக்ரூஸ் குழுவினர் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. கழுத்தில் கட்டி தெரியாத ஆரம்ப நோயாளிகளில், வாய் அறுவையோடு கழுத்து நெறிகளையும் அப்போதே எடுத்தவர்களில் மூன்றாண்டு கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கட்டி தெரிந்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். கழுத்தில் வலிக்காத, கெட்டியான, நகராத நெறி கட்டியிருந்தால் அது எவ்வளவு தாமதம் என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். வாயைப் பார்க்கும்போதெல்லாம் தாடைக்கு அடியிலும் கழுத்தின் இரு பக்கமும் விரலால் தடவிப் பார்ப்பது அதனால்தான் பரிசோதனையின் பகுதி.

பயாப்ஸியில் புற்று இல்லை என்று வந்தால் கதை முடிந்ததாக நினைப்பது இன்னொரு பிழை. திட்டு அங்கேயே இருந்தால், பழக்கமும் தொடர்ந்தால், மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு முறை அதே இடத்தை அதே விளக்கில் பார்க்க வேண்டும். தோற்றம் மாறினால் மறுபடி சதை எடுக்க வேண்டும். முதல் முறை எடுத்த புகைப்படம் ஒன்று சீட்டோடு இருந்தால் மாற்றம் உடனே தெரியும். இப்போது எல்லாச் செவிலியர் கையிலும் அதற்கான போன் இருக்கிறது. பழக்கத்தை விட்டவர்களில் வெண்படலம் சுருங்கி மறைவதும் உண்டு. கேரளம், ஆந்திரம், குஜராத் கிராமங்களில் 36,000 புகையிலைப் பழக்கத்தினரிடம் குப்தா குழுவினர் நடத்தி 1986-இல் வெளியிட்ட ஆய்வில், விடச் சொல்லி விடாமல் எடுத்துரைத்த இடங்களில் பலர் பழக்கத்தைக் குறைத்தார்கள், நிறுத்தினார்கள். புதிய வெண்படலங்களும் குறைந்தன. ஒருமுறை புற்று வந்து குணமானவரின் வாயில் வேறோர் இடத்தில் இரண்டாவது புற்று முளைப்பதும் நடக்கிறது. புற்று வந்த இடத்தைச் சுற்றியுள்ள சவ்வும் பரவலாக மாறியிருக்கும் என்று 1953-லேயே ஸ்லாட்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் விளக்கினார்கள். ஆகவே அறுவை முடிந்து வீடு திரும்பியவரிடம் மருத்துவர் அறுவை செய்த பக்கத்தைப் பார்த்துவிட்டு அனுப்பினால், மறுபக்கக் கன்னத்தையும் பாருங்கள் என்று நோயாளியே கேட்கலாம், கேட்க வேண்டும்.